பார்த்தசாரதியின் மூன்று வழிகள்

மகள் கல்யாணத்துக்குக்கூடப் பார்த்தசாரதி இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அவளுடைய பிரசவத்துக்கு ஐந்து ஒத்திகை பார்த்திருந்தார்.

ஒத்திகை என்றால் பிரசவத்துக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு. சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் இருந்து அம்பத்தூரில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி வாசல் வரை ஏழரை கிலோமீட்டர். மெயின் ரோடு ஒரு வழி, ரயில்வே சப்வே ஒரு வழி, உள்தெருக்கள் ஒரு வழி என்று மூன்று வழிகள் போட்டு, ஒரு டைரியில் கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தார். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வழியில் கண்ட குறை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் முப்பத்துநான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்த மனிதர். ஒரு போல்ட்டில் மயிரிழை குறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். செக்‌ஷனில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்றே பெயர். ரிட்டயர் ஆகிவிட்டாரே தவிர, அந்தப் புத்தி ரிட்டயர் ஆகவில்லை.

ஒத்திகைகளில் கர்ப்பிணி வேஷம் அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு. சேலைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு, எதிர்வீட்டுத் தங்கவேலின் ஆட்டோவில் ஏறி உட்கார வேண்டும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் "அம்மா" என்று சொல்ல வேண்டும், அவர் எண்ணிக்கொள்வார். முதல் பத்து வரைக்கும் "அம்மா" என்றுதான் சொன்னாள். பதினோராவதில் இருந்து "உங்கம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். மொத்தம் முப்பத்தொன்று என்று டைரியில் ஏறியது.

"இன்னா சார், ராக்கெட்டா வுடப் போற?" என்று தங்கவேல் கேட்டான். பார்த்தசாரதி சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் தீபிகா பிறந்த அன்று அவர் ஃபேக்டரிக்குள் இருந்தார். வாசலைத் தாண்ட கேட் பாஸ் வேண்டும், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். விதியை மீறத் தெரியாத பார்த்தசாரதி அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் தனியாக, காய்கறி ஏற்றி வந்த டெம்போவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை குளித்து, பால் குடித்து, தூங்கியே போயிருந்தது. நாலு மணி நேரம் லேட். அதைப் பஞ்சவர்ணம் இன்றுவரைக்கும் விடவில்லை, அவரும் மறக்கவில்லை. இந்த முறை லேட்டாகக் கூடாது. அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் திட்டம் போட்டார். ஆகஸ்ட் பன்னிரண்டு என்று டாக்டர் சொன்ன தேதியை இங்கிலீஷ் காலண்டரில் வட்டம் போட்டார். அதற்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த தினசரி காலண்டரை மட்டும் கிழித்துக்கொண்டே இருந்தாரே தவிர, படிக்கவில்லை. ஒத்திகை ஐந்தும் வைகாசி, ஆனியில். வலி வந்தது ஆடி மூன்றாம் ஞாயிறு, காலை பதினொன்றே காலுக்கு.

தீபிகா அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். ஆடி ஞாயிறாயிற்றே என்று பஞ்சவர்ணம் அவள் முகத்தில் மஞ்சளை அப்பியிருந்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது வேற மாதிரி வலிக்குதும்மா" என்றாள்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலை அவளுக்கு. ஆறு வருடமாக யார் என்ன திட்டினாலும் "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று சொல்லியே பழகிய குரல். வலியைக்கூட அதே குரலில்தான் சொன்னாள்.

"யாரும் பதறக் கூடாது. எல்லாம் பிளான்படி நடக்கும்" என்றார் பார்த்தசாரதி. சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

உச்சி வேளையில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே போவதால், பஞ்சவர்ணம் வாசல் மரத்தில் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து மகள் கையில் கொடுத்தாள். மஞ்சள் சேலை, விரித்த ஈரத்தலை, மஞ்சள் முகம், கையில் வேப்பிலை. இப்படித்தான் தீபிகா தங்கவேலின் ஆட்டோவில் ஏறினாள், பஞ்சவர்ணமும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அது பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

மருமகன் வெங்கட்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஞாயிறு ஷிஃப்ட். அவனுக்குப் போன் போட்டாயிற்று. "நான் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிடறேன் மாமா, நீங்க வந்துடுங்க" என்றான், ஏதோ அவர் வராமல் வேறு எங்கோ போகிறவர் மாதிரி.

முதல் வழி ஆறாவது நிமிடத்திலேயே முடிந்தது. மெயின் ரோட்டில் பெரிய குழாய் பதிக்கிறார்களாம். தகரத் தடுப்பு, அதன் மேல் சிவப்புக் கொடி, அதன் கீழ் தூங்கும் நாய். வெள்ளிக்கிழமை ராத்திரியே மூடிவிட்டார்கள் என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்.

"பரவாயில்லை. இரண்டாவது வழி" என்று டைரியைப் புரட்டினார் பார்த்தசாரதி.

இரண்டாவது வழியில் சப்வே வாசலைக் குறுக்கே சிமெண்ட் கட்டை போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர். 'பராமரிப்புப் பணி' என்று போர்டு இருந்தது. பராமரிக்கிற ஆள் ஒருவரும் இல்லை.

"அப்பா" என்றாள் தீபிகா. அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 108-க்குப் போன் செய்தால், வண்டி பாடி மேம்பாலத்துப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். இருந்தாலும் டைரியில் இன்னும் ஒரு வழி இருந்தது.

மூன்றாவது வழியில் முதல் தெருமுனையில் பந்தல். வண்டியைத் திருப்பினான் தங்கவேல். அடுத்த தெருமுனையிலும் பந்தல். ஊர் முழுக்க அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடி மாசம் சார். ரோடு நம்மளுது இல்ல, ஆத்தாளுது" என்றான் தங்கவேல். "நீ கேட்டிருந்தீனா அன்னிக்கே சொல்லிருப்பேன்."

வெங்கட் போனில் வந்தான். "மாமா, மேப்ல அந்தத் தெரு புளூவா காட்டுது, நேரா வாங்க!" என்றான். நேராகப் போனார்கள். நேராக மூன்றாவது பந்தல். தெருவை அடைத்துக் கால் நட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். திரும்பலாம் என்றால் பின்னால் பம்பை முழங்கக் கரகம் வந்துவிட்டது. ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. பந்தலைத் தாண்டி முந்நூறு மீட்டர் போனால் ஆஸ்பத்திரி. அதன் போர்டே கண்ணுக்குத் தெரிந்தது.

பார்த்தசாரதி இறங்கி ஓடினார். பந்தலில் விழாக் கமிட்டித் தலைவன் தேவா மஞ்சள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, கொஞ்சம் வழி வேணும். என் பொண்ணுக்கு..."

ஸ்பீக்கர் அலறியது. வழி என்ற சொல் காதில் விழுந்ததும் அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

"வழியா? இப்படியே பின்னால போயி லெஃப்ட் அடி சார்" என்றான் தேவா.

"லெஃப்ட்ல பள்ளம் தோண்டிக் கீது மச்சான். ரைட்ல வுடு, ரேஷன் கடையாண்ட வந்துரும்" என்றார் இன்னொருவர்.

"இன்னாத்துக்கு ரைட்டு? சுடுகாட்டாண்ட பூந்து போவச் சொல்லு."

"ஏங்க, என் பொண்ணு ஆட்டோல..."

"ஆட்டோன்னா ஈஸி சார், சந்துல பூந்துரும்!"

ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். அதில் எது சுருக்கு என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. பார்த்தசாரதியும் சும்மா இருக்கவில்லை. டைரியைத் திறந்து தன் வரைபடத்தைக் காட்டி, ரேஷன் கடை அந்தத் தெருவில் இல்லை என்று நிரூபிக்க ஆரம்பித்துவிட்டார். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்ற ஓர் அம்மாள் இவர்களையும் ஆட்டோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தீபிகா ஆட்டோவில் இருந்து இறங்கினாள்.

இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தலைமுடி முகத்தில் விழ, நிறைவயிற்றோடு நாலு அடி நடந்து வந்தாள். வலி உச்சத்துக்கு ஏறியது. ஆறு வருடமாகக் கஸ்டமர்களிடம் காட்டாமல் சேர்த்து வைத்திருந்த குரல் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"டேய்ய்ய்! வழி விடுங்கடா!"

ஸ்பீக்கரையும் மீறி அது கேட்டது. பம்பை நின்றது. ஐந்து வழிகளும் நின்றன. கூட்டம் திரும்பிப் பார்த்தது. மஞ்சள் சேலை, விரிந்த தலை, கையில் ஆடும் வேப்பிலை, உருட்டிய கண்.

கரண்டி அம்மாள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "ஆத்தா வந்துட்டாடீ!" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவந்து தீபிகாவின் இடுப்பை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நெறமாசமா வந்துகீறா பாரு ஆத்தா!" என்று கரகம் தூக்கியவர் அப்படியே மண்டியிட்டார். தேவா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

பார்த்தசாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பான சாமானைச் சரி என்று ஒருநாளும் அனுப்பாத மனிதர். "ஒரு நிமிஷம், இது சாமி இல்லைங்க, இவளுக்கு..." என்று வாயைத் திறந்தார். பஞ்சவர்ணம் அவர் இடுப்புச் சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கிள்ளியதில்லை.

"தாயே, சப்வே எப்போ தொறப்பாங்க?" என்று தரையில் கிடந்தபடியே தேவா கேட்டான். ஊரில் எல்லோருக்கும் இருந்த குறை அதுதான்.

"இப்பவே! இப்பவே திறங்கடா! இதுக்கு மேல தாங்காது!" என்றாள் தீபிகா.

கூட்டம் ஆகா என்றது. இன்னொருவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க வந்தார். தீபிகா அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "அந்த டைரியைத் தூக்கிப் போடுப்பா!" என்று கத்தினாள். யாரோ ஒருவர் பார்த்தசாரதியின் கையில் இருந்து டைரியைப் பறித்துக்கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் போட்டார்.

"ஆத்தாவ நடக்க வுடுவீங்களா? சேரை எடுங்கடா!" என்றாள் கரண்டி அம்மாள். நாலு பையன்கள் ஒரு நாற்காலியில் தீபிகாவை உட்கார வைத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். "குலுக்காத தூக்கு! பள்ளம் பாத்து! கூழு சட்டியா தூக்குற நீ? ஆத்தா கிழக்கால கை காட்டுறா, கிழக்கால போ!" என்று அவளே அதட்டினாள்.

தீபிகா எந்தப் பக்கமும் கை காட்டவில்லை. ஆனால் கிழக்கே போனார்கள். ஆஸ்பத்திரி கிழக்கேதான் இருந்தது.

"அந்தாண்ட ஆஸ்பத்திரிதானே கீது?" என்றான் தேவா.

"ஆத்தா எங்க போவணும்னு நீ சொல்லுவியா?" என்று அம்மாள் ஒரு போடு போட்டாள். தேவா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தல் காலைப் பிடுங்கினான். சப்வேயில் கட்டை போட்டவர்கள் அங்கே இருந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பார்கள்.

பார்த்தசாரதி நாற்காலிக்குப் பக்கத்தில் ஓடினார். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "அப்பா, பயமா இருக்குப்பா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் அவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் செத்தே போனார். ஜென்மத்தில் பத்துப் பேர் முன்னால் குரல் உயர்த்தியறியாத மனிதர், முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஆத்தா வர்றா! வழி விடு! வழி விடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினார்.

பைக்குகள் ஒதுங்கின. ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துப் போனது. பம்பை மறுபடியும் முழங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் வெங்கட் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தான். பம்பை, வேப்பிலை, நூறு பேர், எல்லோருக்கும் மேலே தன் மனைவி. அவன் வாயைப் பிளந்து நிற்க, "இன்னா மரம் மாதிரி நிக்கிற, வுழுடா!" என்று தேவா அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினான். வெங்கட் மனைவியின் காலில் விழுந்தான்.

"ஆத்தா மலையேறப் போறா. ஆம்பளைங்க அத்தினி பேரும் கேட்டுக்கு வெளியவே நில்லுங்க!" என்றாள் அந்த அம்மாள். தீபிகாவை மறுபடியும் இடுப்பில் தாங்கிச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, நர்ஸ் கையில் ஒப்படைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

பிரசவ அறைக் கதவுக்கு வெளியே பார்த்தசாரதி நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உள்ளே முதல் அழுகை கேட்டது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவர் கேட்காமல் விட்ட அழுகை. அவர் அழுதார். துண்டால்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ், "எத்தனை மணிக்கு அட்மிட் பண்ணீங்க?" என்று கேட்டாள், ஏதோ ஃபாரத்தில் எழுத. கையில் கடிகாரம் இருந்தும் பார்த்தசாரதிக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் மனசு சும்மா இருக்குமா? நூறு பேரை ஏமாற்றிவிட்டோமே என்று அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. டைரி வேறு அம்மன் காலடியில். தீட்டுக் கழியாமல் கோயில் பக்கம் போகக்கூடாது என்று பஞ்சவர்ணம் தடுத்து வைத்தாள். பதினேழாம் நாள் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினார். "நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் பஞ்சவர்ணம். வாயைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

சப்வே திறந்திருந்தது. தண்ணீரை இறைத்து, நாலு நாள் முன்னால்தான் திறந்தார்களாம். அதன் வாசலில் 'அன்னையின் அருள்வாக்கு பலித்தது' என்று பேனர். கீழே தேவாவின் போட்டோ, கை கூப்பியபடி. அதைப் பார்த்ததும் பார்த்தசாரதிக்கு வியர்த்துவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்தில் அந்தக் கரண்டி அம்மாள் இட்லிக்கடை போட்டிருந்தாள். பெயர் மைதிலி என்று அன்றுதான் தெரிந்தது. அவரைப் பார்த்ததும், "வா சார், இன்னா கொழந்த?" என்று கேட்டாள்.

"பொண்ணும்மா" என்றவர் சட்டென்று நின்றார். சாமி வந்த வீட்டில் யாராவது இன்னா கொழந்த என்று கேட்பார்களா? ஆனாலும் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொல்லியே தீர்த்தார். "அம்மா, ஒரு உண்மையைச் சொல்லணும். அன்னைக்கு என் பொண்ணுக்கு வந்தது சாமி இல்லை. பிரசவ வலி. நான் தெரிஞ்சே சொல்லாம விட்டுட்டேன். மன்னிக்கணும்."

மைதிலி இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

"நாலு புள்ள பெத்தவ சார் நானு. சாமி வந்து கத்துறதுக்கும் வலி வந்து கத்துறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அப்போ... ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"நீதான் பாத்தியே. வழி கேட்டே. அஞ்சு ஆம்பளைங்க அஞ்சு ரூட்டு சொன்னானுங்க. ஒருத்தனாச்சும் ஒரு சேரை எடுத்து ஓரமா போட்டானா? நீ ஆறாவது ஆளா சேந்துகினு பொஸ்தகத்தக் காட்டிகினு கீற! புள்ளத்தாச்சிக்கு வலின்னு நான் சொல்லிருந்தா இன்னும் நாலு ரூட்டு சொல்லிருப்பானுங்க. ஆத்தான்னேன். பந்தக்காலையே புடுங்கிட்டானுங்க."

"மத்தவங்களுக்குத் தெரியாதே..."

"கூழு வாங்க நின்ன பொம்பளைங்க அத்தினி பேருக்கும் தெரியும். உம் பொண்டாட்டியக் கேளு."

அன்று விழுந்து கும்பிட்டவர்களின் முகங்களைப் பார்த்தசாரதி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தேவா, கரகக்காரர், பம்பைக்காரர், நாற்காலி தூக்கிய பையன்கள், மருமகன். அதில் ஒரு பெண்கூட இல்லை. இடுப்பில் கிள்ளு வாங்கிய இடம் மறுபடியும் வலிக்கிற மாதிரி இருந்தது.

மைதிலி உள்ளே போய் டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டை முழுக்கக் குங்குமம். இட்லி நாலு கட்டி, "பெத்தவளுக்குக் குடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தார். ஐந்து வரிகளுக்குக் கீழே ஆறாவது வரி காலியாக இருந்தது. தேதியை எழுதினார். புறப்பட்ட நேரம் எழுதினார். சேர்ந்த நேரம் தெரியாததால் கோடு போட்டார். 'வழியில் கண்ட குறை' என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, அழகான கையெழுத்தில் தன் பெயரை எழுதினார்.

உள்ளே குழந்தை அழுதது. பஞ்சவர்ணம் அடுப்படியில் இருந்து எழுந்து வருவதற்குள், தொட்டிலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவர்தான்.